கரைவலை இழுத்த ஜீப்

உடப்பு,
18.06.1997

அன்பு மகள் சுகந்தினிக்கு,

நீயும் மருமகனும் கனடாக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கத் திரௌபதை அம்மன் காக்கட்டும். இங்கே எங்களுக்கு இருந்த ஒரே குறையும் நேற்றோடு தீர்ந்தது, அதைச் சொல்லத்தான் தேநீரைக்கூட ஆறவிட்டு எழுதுகிறேன்.

ஜீப்பை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா சொல்லித்தான் எழுதினாய் என்பது தெரியும். அவள் பயந்ததில் பிழையில்லை. போன மாதம் பாலாவிச் சோதனைச் சாவடியில் பீப்பாய்களுக்கு நடுவே வளைந்து போகையில், நான் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி தன் எண்ணத்துக்குப் போய் ஒரு பீப்பாயைத் தள்ளிவிட்டது. காவல் நின்ற இராணுவத்தின் இரண்டு துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவன் அந்த இடத்தில் இரண்டாம் முறை பிழை விட முடியாது. அன்றிலிருந்து அம்மா ஜீப்பில் ஏறவில்லை. அதை எனக்கு விற்ற அம்மாவின் தம்பி, உன் தம்பிமுத்து மாமாவோ, "அத்தான் புத்தகம் படிக்கிற மாதிரி வண்டி ஓட்டினா ஸ்டியரிங் ஆடாம என்ன செய்யும்" என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தார். எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவியைப் பறித்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள், நான் ஒன்றையும் மறக்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும், வைத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் அத்தாஉல்லா குனிந்தும் பார்க்காமல், "ஸ்டியரிங் பெட்டி முடிஞ்சி போச்சி மாஸ்டர், முழுசா மாத்தணும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்றுக் காலை அம்மாவைக் கெஞ்சி, நிற்கிற வண்டிதானே என்று ஆசனத்தில் இருத்தி, ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே சாக்கு விரித்துப் படுத்தேன். "நான் மேல, நீங்க கீழ, சனம் பாத்தா என்ன சொல்லும்" என்று அவள் ஒரே நக்கல். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டில் கை வைத்தேன். அவள் ஆட்டிய உடனே அதுவும் அசைந்தது. பெட்டியில் பிழையில்லை, மகள்! ஒவ்வொரு மூட்டாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலது சக்கரம் உடனே திரும்புகிறது, இடது சக்கரம் பிந்தித் திரும்புகிறது. இரண்டையும் இணைக்கும் கம்பியின் இடது மூட்டு, விழப்போகும் பல்லைப்போல் ஆடியது. நான் போட்ட சத்தத்தில், பாம்பு கடித்துவிட்டதென்று அம்மா குதித்து இறங்கினாள்.

அந்தக் கம்பியைச் சுற்றித் தும்பு நார் உப்போடு இறுகிக் கிடந்தது. அம்மா அதை விரலால் நோண்டிப் பார்த்தாள். வலை வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி வீட்டுப் பிள்ளையல்லவா, கடற்கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிறு என்று உடனே கண்டுகொண்டாள். வலை இழுக்கிறவர்களுக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் உன் மாமா ஜீப்பைக் கொண்டு வலை இழுத்திருக்கிறார்! அதுவும் வண்டியின் சட்டத்தில் கட்டாமல், கைக்கு அகப்பட்ட ஸ்டியரிங் கம்பியில் கயிற்றைக் கட்டி! தம்பியை ஒரு சொல் சொல்லவிடாத அம்மா, அந்த நாரை உருவி எறிந்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மூட்டைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸில் பாலாவிக்குப் போய், அதே அளவில் ஒன்று வாங்கி வந்து, பின்னேரத்துக்குள் நானே பூட்டிவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன், ஏறிவிட்டாள். முந்தல் தாண்டிப் போகையில் ஸ்டியரிங் கை சொன்னபடி கேட்டது. சாவடியில் ஒரு பீப்பாயிலும் முட்டாமல் நூல் பிடித்தாற்போல் போனேன். அன்றைக்குத் துவக்கு நீட்டிய அதே பெடியன் கிட்ட வந்து, ஐயா என்கிற மரியாதையோடே, "இன்றைக்கு மஹத்தயா குடிவெறியில்லையோ" என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு முகம் எரிந்தது. அதற்குள் அம்மா எட்டிப் பார்த்து அவனுக்கு விளங்கும் சிங்களத்தில், தம்பி முறை வைத்து 'மல்லி' என்று கூப்பிட்டு, அன்றைக்கும் அவர் வெறியில்லை மல்லி, என் தம்பிதான் வண்டியைப் பழுதாக்கி எங்கள் தலையில் கட்டிவிட்டான் என்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை, அதை ஓர் இராணுவக்காரனிடம் போய்ச் சொன்னாள்! வழி நெடுக எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாமா டெலிபோன் எடுத்தால் நீ இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடாதே. தீமிதிப்புக்கு ஊர் கூடும்போது நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பழைய கார் வாங்குவதானால் மருமகன் முதலில் கீழே படுத்துப் பார்க்கட்டும். இருவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. விநாயகமூர்த்தி