ஆடும் கம்பத்தின் அசல் அளவு

தெருவெல்,
12 ஆகஸ்ட் 2019

அன்புள்ள ஒரோசியா அக்கா,

கம்பம் தந்த மின்சாரத்தின் இந்த வாரக் கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இறக்கை இல்லாமல், காற்றில் ஆடியே மின்சாரம் தரும் உன் காற்றாலைக் கம்பம் நலம். ஆட்டுப்பட்டியில் விளக்கும் மின்வேலியும் அதில்தான் ஓடுகின்றன. பக்கத்துப் பண்ணை பசீலியோதான் வாயை மூடுவதில்லை. "ஏன்டா, உங்கக்கா நட்ட கம்பம் எதைக் கேட்டாலும் வேணாம்னு தலையாட்டுதே!" என்கிறான்.

மலைமேல் இறக்கை வைத்த காற்றாலை போன மாதம் மறுபடி இரண்டு பிணந்தின்னிக் கழுகுகளை வெட்டிப்போட்டது. இப்படியே போனால் செத்த ஆட்டை யார் தின்று தீர்ப்பது? உன் கம்பத்தருகே அவை பயமில்லாமல் இறங்குகின்றன.

இங்கே ஒரு வாரமாக இலைகூட அசையவில்லை. நீதான் வருவதே இல்லை.

உன் தம்பி,
லொரியென்

சரகோசா,
16 ஆகஸ்ட்

அன்புத் தம்பி,

இலை அசையவில்லை என்கிறாய். உன் தாளில் ஏழு நாளும் பேட்டரி நிறைந்திருக்கிறதே, எப்படி?

சோதனைக்கு நட்ட மற்ற மூன்று இடங்களிலும் கம்பம் சரியாகத் தரவில்லை. உன் தாளை நம்பித்தான், வரும் வெள்ளிக்கிழமை, திட்டத்துக்குப் பணம் தரும் குழுவின் முன்னால் "இது பண்ணைகளுக்கு உதவும்" என்று சொல்லப் போகிறேன். என் பத்து வருட உழைப்பு அது. உண்மையைச் சொல்லிவிடு.

ஒரோசியா

தெருவெல்,
19 ஆகஸ்ட்

அக்கா,

பேட்டரியை வீட்டு மின்சாரத்தில்தான் ஏற்றினேன், ஜூன் மாதத்திலிருந்தே. முதல் வாரம் கம்பம் தந்தது ஒரு போனுக்கே போதவில்லை. அன்று போனில் உன் குரல் உடைந்திருந்தது. மனசு கேட்கவில்லை, கூட்டி எழுதினேன்.

கம்பம் தந்த அசல் அளவை, ஆடுகள் ஈனும் தேதி எழுதும் நோட்டில் தினமும் குறித்தேன். அதை மறைக்கலாம், மாற்ற மனம் வரவில்லை. அனுப்புகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

லொரியென்

சரகோசா,
23 ஆகஸ்ட்

அன்புள்ள லொரியென்,

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஜூலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் கம்பம் போய்விடும் என்று பயந்து, கேட்காமல் இருந்தேன்.

இன்று குழுவின் முன் உன் நோட்டை அப்படியே வைத்தேன். அதே செலவில் இறக்கை வைத்தது இதைவிடப் பல மடங்கு தரும், பண்ணைக்கு இது ஆகாது என்று நானே சொன்னேன். திட்டத்தை மூடிவிட்டார்கள். வலிக்கத்தான் செய்கிறது.

எழும்போது குழுவில் ஒரு அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "நாலு இடத்துல இது ஒண்ணுதான் ஒரு நாள் விடாம, ஒளிக்காம எழுதியிருக்கு. யாரும்மா எழுதினது?"

"என் தம்பி" என்றேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நாளை பகல் பேருந்தில் வருகிறேன்.

உன் அக்கா