நீ கேட்ட வெள்ளி

இன்ஜினியரம்மாவுக்கு,

நேற்று நான் வாங்கி வந்த வெள்ளிக் கம்பியைக் காலையில் கடையில் காட்டினேன். "சார், இது நகை ஒட்டறது. நெருப்பு வச்சு ஊதினாத்தான் உருகும்" என்று கடைக்காரர் சிரித்தார். "வெள்ளின்னுதானே கேட்டே?" என்று உன்னிடம் கத்தியது என் தப்புதான்.

மேசையில் இருப்பது வெள்ளீயத்தில் துளி வெள்ளி கலந்த கம்பி. ஒயர்களைப் பற்றவைக்கிற உன் சால்டரிங் அயர்ன் சூட்டுக்கே உருகுமாம். சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு. காலிங் பெல் கேட்காத என் அம்மாவுக்கு நீ செய்கிற, பெல் அடித்தால் எரியும் விளக்கு, அவசரமில்லை. இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

பி.கு.: இந்தக் கம்பியும் தப்பென்றால் போன் போட்டுத் திட்டு. ஆசை தீரத் திட்டு. நேற்றிலிருந்து நீ பேசாமல் இருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.