கப்பலில் எந்தப் பந்தி

பூலாம்பாடி,
12.11.2006

அன்பு மகள் பரிமளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எங்களைவிட ஒரு படி மேலாகவே சுகமாக இருக்க வேண்டும். ஐப்பசி மழை இந்த வருடம் பரவாயில்லை, ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, மக்காச்சோளம் இடுப்பளவு வந்துவிட்டது, வெங்காயம் ஊன்ற ஈரம் கொஞ்சம் காயட்டும் என்று காத்திருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாள், தடவின கையோடு காட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று போனில் சொன்னாய், கேட்கச் சந்தோஷமாக இருந்தது, அவசரப்பட்டு நடக்க வைக்காதே, அவளாக நடப்பாள்.

நீ கூரியரில் அனுப்பிய கப்பல் கம்பெனி ஃபாரம் சின்னதுரை மாமாவின் உரக்கடை விலாசத்துக்குப் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பாப்பாவின் முதல் பிறந்த நாளுக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் சிங்கப்பூருக்கு வரவழைத்து நான்கு நாள் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று நீங்கள் நினைத்தது பெரிய மனசு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ்போர்ட் நகல், போட்டோ எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். தகராறு மூன்றாம் பக்கத்தில். சாப்பாட்டுக்கு எந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள், நீயும் பக்கத்திலேயே பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறாய். முதல் கட்டம் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் பந்தி, இரண்டாவது என்றால் எட்டரைக்கு இரண்டாம் பந்தி, இதில் எதைப் போட்டாலும் நான்கு நாளும் அதே மேசை, அதே நாற்காலி, அதே பரிமாறுகிற ஆள், நாம் ஆறு பேரும் பாப்பாவும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். மூன்றாவது கட்டத்தைப் போட்டால் அவரவர் பசித்த நேரத்துக்குப் போய் எந்த மேசை காலியோ அதில் உட்கார்ந்துகொள்ளலாம். கீழே 'அப்பா, நீங்க சொல்றதத்தான் போடுவேன், மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க' என்று எழுதிவிட்டாய். இதை என் தலையில் கட்டிவிட்டாயே அம்மா. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு பேர் என்றால் உன் மாமனாரும் மாமியாரும் சேர்த்துத்தானே. அவர்கள் வீட்டில் நான் கை நனைத்து வருகிற தையோடு நான்கு வருடம் ஆகப்போகிறது. ஊரார் சொன்னதுதான் உனக்குத் தெரியும், அன்று நீ உள்ளே பெண்களோடு இருந்தாய், நானும் என் வாயால் இதுவரை சொன்னதில்லை. ஜெயங்கொண்டத்தில் அவர்கள் புது வீடு குடிபோன அன்று என்னை முதல் பந்தியில்தான் உட்கார வைத்தார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பும் வைத்தாகிவிட்டது. அப்போது அவர்கள் பங்காளி ஒருவர் யாரோ ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார், உட்கார இடம் இல்லை. என் தோளைத் தொட்டு, 'நீங்க நம்ம ஆளுதானே, அடுத்த பந்தில உக்காந்துக்கங்க' என்றார். பெண்ணைக் கொடுத்தவனை இலைக்கு முன்னால் இருந்து எழுப்புகிறார்கள், உன் மாமனார் மூன்றடி தூரத்தில் சாம்பார் வாளியோடு நிற்கிறார், பார்க்கிறார், வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்தேன். எழுந்தவன் சும்மா வந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா, 'இனிமே இந்த வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்' என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு நல்லது கெட்டதுக்கும் நான் போகவில்லை.

அதனால் மூன்றாவது கட்டத்தைப் போடு என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அவர் ஒரு நேரம் சாப்பிடட்டும், நான் ஒரு நேரம் சாப்பிடுகிறேன், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாக வரவில்லை. நீ பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு ஒரு மேசையில் பாதி, எங்களோடு ஒரு மேசையில் பாதி என்று நான்கு நாளும் அலைவாய், ஒரு வேளைகூட உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. சின்னதுரையிடம் போய் யோசனை கேட்டேன், அது என் கெட்ட நேரம். 'கடலுக்கு யாரு மாமா பட்டா வாங்கி வச்சிருக்கா, கப்பலு அவரு வூடும் இல்ல, உங்க வூடும் இல்ல, ஓட்டல்னு நெனச்சு உக்காந்து சாப்பிடுங்க' என்றான். யூரியா வாங்க வந்த தர்மன் அதற்கு மேல் போய், 'கரண்டியாலதானே திங்கப் போறீங்க, கை எங்க நனையப் போவுது' என்றான், கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள். டிக்கெட் எடுத்தது மாப்பிள்ளை, மாப்பிள்ளை அவர் பெற்ற பிள்ளை, அப்படியானால் கப்பலில் போடுகிற சோறு அவர் வீட்டுச் சோறா, இல்லை என் மகள் வீட்டுச் சோறா? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் உன் அம்மா விதை வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன சாப்பாடு ஆகாது என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தது. எனக்குக் கருவாடு ஆகாது, உனக்குத்தான் தெரியுமே, அதை எழுதினேன். அவள் தலையை நிமிர்த்தாமல், 'சம்பந்திக்கு இனிப்பு ஆகாதுன்னு போடுங்க, ஊசி போட்ட அரை மணியில அவரு சாப்பிட்டாவணும், அதனால ஆறு மணிப் பந்திதான் அவருக்குத் தோது' என்றாள். என்ன ஊசி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அவருக்குச் சர்க்கரை முற்றி, ஆடி மாதம் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இடது கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்களாமே. உன் அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு மூன்று தடவை போய்ப் பார்த்திருக்கிறாள், போன தடவையெல்லாம் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறாள். 'வார்த்தைய வுட்டது நீங்க, நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்' என்று கேட்கிறாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும்கூடத் தெரியுமாம், எனக்கு மட்டும்தான் தெரியாது. உன் மேல் கோபம் வந்தது பரிமளா, மறைக்க மாட்டேன். பிறகு நானே யோசித்தேன், என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதானே விட்டுவிட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கப் பெரம்பலூர் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஜெயங்கொண்டம் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் கட்டம் எதைப் போடலாம் என்று அவரிடமே கேட்கலாம் என்றுதான் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காலில் கட்டு. ஆள் பாதியாகிவிட்டார் அம்மா, சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் உட்காருங்க என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் எழுந்துவிட்டார். 'வாங்க சம்பந்தி' என்றார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மழையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். முந்திரித் தோப்பைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, 'அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும், சொல்லாம வுட்டுட்டேன்' என்றார். இத்தனை வருடமாக இதைத்தானே கேட்க நினைத்தேன். உன் மாமியார் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, 'சாப்பாடு ஆயிருச்சு, கையக் கழுவிட்டு வாங்க' என்று கூப்பிட்டார்கள். வாங்கி இரண்டு வாய் குடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். கை போகவில்லை. 'பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க' என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். எந்த பஸ்ஸுக்கு நேரமாயிற்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன், உன் மாமியார் சொம்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். அரியலூர் வந்து சேருகிறவரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உன் அம்மாவுக்கு இந்நேரம் போனில் தகவல் வந்திருக்கும், ஆனால் வாங்கின சாமான் எங்கே என்றுகூட அவள் என்னைக் கேட்கவில்லை.

தனியாளாக என்னால் இது ஆகாது என்று தெரிந்துவிட்டது அம்மா. கோபம் இல்லை, எப்போதோ போய்விட்டது, ஆனால் சொன்ன வார்த்தை கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அதனால் நீ முதல் கட்டத்தைப் போட்டுவிடு, ஆறு மணிப் பந்தி. எனக்கு ஒன்பது மணிக்கு முன்னால் பசிக்காது, பசிக்காவிட்டால் போகிறது, அவருக்கு ஊசி போட்டால் காத்திருக்க முடியாது. அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. நான்கு நாளும் இடம் மாறாது என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு வேண்டும். முதல் நாள் முடியாவிட்டால் இரண்டாம் நாள் பார்க்கலாம், இரண்டாம் நாளும் முடியாவிட்டால் மூன்றாம் நாள். கப்பல் கிளம்பிவிட்டால் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டு நான் எங்கே போவேன்.

மாப்பிள்ளையிடம் அவர் அப்பாவுக்கு நல்ல மெத்தென்ற செருப்பாக ஒன்று வாங்கச் சொல், கப்பல் தரை வழுக்கும் என்கிறார்கள். பாப்பாவுக்குக் கடல் காற்று ஆகாது, காதை மூடிக் குல்லாய் போட்டு வை, ஓமத்தண்ணீரை மறக்காதே. நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க அம்மாவும் நானும் சாமியை வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மேசையில் தட்டு வந்த பிறகு நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினால், என்ன செய்கிறேன் என்று யாரும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். 'உக்காருங்கப்பா' என்று நீயாவது சொல்லிவிடு. அன்றைக்கும் இலையை விட்டு எழுந்த நான் உடனே கிளம்பிவிடவில்லை பரிமளா, யாராவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுதான் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பூ. அய்யம்பெருமாள்