சத்துணவுக் கூடத்துச் சாவி

செவ்வாய், இரவு.

மூடின நடுநிலைப்பள்ளியின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று அந்த ஊர் நாட்டாமை நான் இப்போது இருக்கும் திருச்சுழிக்கே தேடி வந்தார். கோயில் பொங்கலுக்கு அன்னதானம் சமைக்கச் சத்துணவுக் கூடம் வேணுமாம்.

காலனியிலிருந்து பஞ்சவர்ணம் சமையலுக்கு வந்த வருஷம், தன் பிள்ளைக்கு முதலில் டி.சி. வாங்கியவர் இவர்தான். "இங்கிலீஷ் மீடியத்துக்காகத்தான் டீச்சர்" என்றார். அவர் பின்னாலேயே ஊர்த்தெருவும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது. மிஞ்சியது காலனிப் பிள்ளைகள் மட்டும். எண்ணிக்கை பத்தாதென்று மூடினார்கள். அதுகள் இப்போது பரளச்சிப் பள்ளிக்குப் பஸ் ஏறுதுகள்.

"அடுப்படியக் கழுவிவிட்டுத் தாங்க டீச்சர்."

"யாரு கழுவுறது?"

"பஞ்சவர்ணம் சும்மாதான இருக்கா. அவளையே கழுவச் சொல்லுங்க."

சாவி தொலைஞ்சு போச்சு என்று சொல்லிவிட்டேன்.