கண்ணை மூடினால்

பங்குனி 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கோழிப்பண்ணைக்குத் தீவன வண்டி வரவில்லை. முகம் கழுவக் கண்ணை மூடியதும் மறுபடி தள்ளாட்டம். ஒரு கை குழாயில், ஒரு கையால் சோப்பு. இடது செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது. மாமியார் சொல்லித்தான் தெரிந்தது.

பங்குனி 6, வியாழன்

சேலம். மாத்திரை வாங்க. நாமக்கல்லில் வாங்கினால் தெரிந்த முகம் எதிரே வருமாம், வீட்டுக்காரருக்குப் பயம். டாக்டரம்மா காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தேன். பிடித்துக்கொண்டார்.

"எச்.ஐ.வி. உங்க கால் நரம்பையும் பாதிச்சிருக்கும்மா. கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போகல. இத்தனை நாள் கண்ணால பார்த்துத்தான் நின்னிருக்கீங்க. வெறுங்காலோட நடக்காதீங்க, சுட்டாக்கூடத் தெரியாது."

நான் என்னவோ காலை நம்பி நடப்பதாக நினைத்திருந்தேன்.

திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டை. மல்லி, மிளகாய், மாமியாருக்கு வெற்றிலை.

பங்குனி 7, வெள்ளி

மாரியம்மன் கோயில். தீபாராதனை மணி அடித்ததும் பழக்கத்தில் கண்ணை மூடிவிட்டேன். ஆடிச் சரிந்தேன்.

"சாமி வந்துருச்சு! சாமி வந்துருச்சு!"

முகமெல்லாம் திருநீறு. கையில் எலுமிச்சம்பழம்.

பூசாரி: "இந்த நோம்பிக்கு அம்மிணி பூ மிதிக்கோணும். ஆத்தா உத்தரவு."

மாமியார் சந்தோஷத்தில் அழுதார்கள். தணலில் இறங்க இந்த ஊரிலேயே பொருத்தமான கால் என்னுடையதுதான்! சிரிப்பும் வரவில்லை.

பங்குனி 8, சனி

பூ மிதித்தால் கால் வெந்துபோகும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"காலு வலின்னு சொல்லிக்கலாம் புள்ள. அந்தப் பேர மட்டும் அம்மாகிட்ட எடுத்துராத."

எனக்கு நோயைக் கொடுத்ததே அவர்தான். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பண்ணைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தேன்.

பங்குனி 9, ஞாயிறு

மாமியார் மஞ்சள் சேலை வாங்கி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை காப்புக் கட்டு. உட்காரவைத்துச் சொன்னேன்.

"காலுல உணர்ச்சியே இல்லீங்கத்தை. நெருப்பு சுட்டாலும் தெரியாதுங்க."

"பாத்தியா, ஆத்தா இப்பவே குளுர வெச்சுட்டா!" கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வேறு வழியில்லை. நோயின் பேரைச் சொன்னேன். சேலம் மாத்திரையையும் சொன்னேன்.

சேலையை மடித்தார்கள். பிரித்தார்கள். மறுபடி மடித்தார்கள்.

"எம்பையனுக்குமா சாமி?"

ஆமாங்க என்றேன்.