எட்டுத் தொட்டிலுக்கு ஒரு கணப்பு

31-12-56, திங்கள்

காலையில் உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி. இந்த வாரம் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பு. எடுக்கும் பெண்களின் பிள்ளைக் கொட்டகையும் அங்கே போயிற்று. மூங்கில், தார்ப்பாய், சாக்குத் திரை, எட்டுத் தொட்டில். ஆயா பாக்கியத்தம்மாவும் நானும்.

போன வாரம் இரண்டு பிள்ளைகளுக்குச் சளி. அதனால் எஸ்டேட் ஆபீசிலிருந்து இரண்டு கணப்பு. ஒன்று இரும்புக் கரிச்சட்டி. மற்றது துரை பங்களாவின் பழைய மண்ணெண்ணெய்க் கணப்பு, சுற்றிலும் கம்பி வலை. வைத்துப் பார்த்து, எது வேண்டும் என்று சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் சொல்ல வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும்.

எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் குறிக்கச் சொன்னார் ஆயா. நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து!

1-1-57, செவ்வாய்

பங்களாவில் வருடப் பிறப்பு. எங்களுக்கு வேலை.

மண்ணெண்ணெய்: கனம், ஏற்றத்தில் இரண்டு பேர் தூக்கினோம். நாற்றம். அதற்காகத் திரையைத் திறந்தே வைத்தோம். பாதிச் சூடு வெளியே. பிள்ளைகள் சிணுங்கல்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த சொர்ணம் அக்கா மூக்கைப் பொத்தினாள். "எம்புள்ள மேல லாரி வாடைல்லா அடிக்கி."

என் செருப்பு வார் அறுந்தது.

2-1, புதன்

கரி: ஒரு கையால் தூக்கலாம். வெளியே கனியவைத்து உள்ளே வைத்தோம். புகை இல்லை, நாற்றம் இல்லை. திரையை இறக்கி அடியில் கல் வைத்தோம். நல்ல சூடு. எட்டும் தூங்கின. அம்மாக்களுக்குச் சந்தோஷம். கரியேதான் என்று ஆயா முடிவு கட்டிவிட்டார்.

எனக்குத் தலைவலி. பனியில் நடந்ததால் இருக்கும்.

3-1, வியாழன்

மறுபடி கரி, மறுபடி தலைவலி. குமட்டல் வேறு. தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனேன், விட்டுவிட்டது. திரும்பி உள்ளே உட்கார்ந்தேன், பிடித்துக்கொண்டது.

பத்து மணி. சொர்ணம் அக்காவின் பையன், ஐந்து மாதம், பாலுக்கு எழவில்லை. கன்னத்தைத் தட்டினாள். வாயே திறக்கவில்லை. நல்ல தூக்கம் என்றார் ஆயா.

வெளியே போனதும் விட்ட என் தலைவலி நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். காற்றில் கொஞ்ச நேரம். கண் திறந்தான். பிறகு ஒரே கத்தல். அவனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரையை அவிழ்த்தெறிந்தேன். சட்டியை வெளியே இழுத்தேன். மற்ற ஏழும் ஒவ்வொன்றாக விழித்தன.

"பனியில புள்ளைகளக் கொல்லப் பாக்கியா?" ஆயா. சட்டியில் தண்ணீரை ஊற்றினேன்.

4-1, வெள்ளி

ஆயா சட்டியைக் கொண்டுவந்தார். அது உள்ளே போகாதபடி வாசலில் குந்திவிட்டேன், நகரவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு கம்பளி. ஆயா என்னோடு பேசவில்லை.

5-1, சனி

கம்பவுண்டர் வந்தார். ஆயா கரி என்றார், பெண்களும் கரி. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கம்பவுண்டர் மலையாளி. "எந்தா மோளே? ஒறக்கச் சொல்லு." சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

"கரி வேண்டாம் சார். உள்ள இருந்தா தல வலிக்கி, வெளிய வந்தா விட்டுருது. புள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாதுல்லா."

பிறகு சொர்ணம் அக்கா, "நெசந்தான் சார். வியாழக்கெழம எம்புள்ள எந்திரிக்கவே இல்ல."

மூடின இடத்தில் கரி கெட்ட காற்று விடும், அதற்கு வாசனை கிடையாது என்றார் கம்பவுண்டர். எண்ணெய்க் கணப்புக்கும் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு கட்டாயம். மண்ணெண்ணெய் என்று எழுதிக்கொண்டார். கீழ்மலைக் கொட்டகையிலும் திங்களிலிருந்து கணப்பு வைக்கிறார்களாம். அங்கே நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். நான்!

ஆயா: "ஏட்டி, இத அன்னைக்கே சொன்னா என்ன?" குரலில் கோபம் இல்லை.

6-1, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன்.

நாளை சொல்ல வேண்டியது. கரி உள்ளே கூடாது. எந்தக் கணப்பானாலும் திரையை முழுக்க மூடக்கூடாது. பிள்ளை சத்தமில்லாமல் தூங்கினால் எழுப்பிப் பார்க்க வேண்டும்.

சொர்ணம் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, இப்போது சொல் என்றாள். மூன்றாம் தடவை எல்லாம் கேட்டதாம்.