துரையின் எடை

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் கடைக்காரரின் மில்லிகிராம் தராசு ஒருவழியாக இன்று சரியானது. கண்ணாடிக் கதவை மூடிக் கடைசி முறையாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. மனைவியின் தம்பி. கார் விற்கும் கடையில் மேலாளர். நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ஷோரூம். கையில் ஒரு பெட்டி. ஆட்டுக்குட்டியையே அடைக்கலாம், அவ்வளவு பெரியது.

உள்ளே பூனை. பூனையாம்!

"மெயின் கூன், அத்தான். பூனைங்கள்லயே பெரிய ஜாதி. மூணு வயசு ஆகப்போகுது, இன்னும் வளரும். எனக்கு ஆறு வாரம் வெளியூர்ல ட்ரெய்னிங். அக்காகிட்ட கேட்டுட்டேன்."

அக்காவிடம் கேட்டாயிற்று. அப்புறம் என்ன? இந்த வீட்டின் முன்னறையில் ஒருவன் தராசு பழுதுபார்த்துப் பிழைக்கிறான், ஒரு முடி விழுந்தாலும் அவன் வேலை கெடும் என்பதையெல்லாம் யார் யோசிப்பது?

புதுக் காரைச் சுற்றிக் காட்டுவது போலவே காட்டினான். "காது நுனியில குஞ்சம் பாருங்க. கழுத்துல பிடரி. விரல் இடுக்குல கூட முடி, பனியில நடக்கறதுக்கு." மைலேஜ் ஒன்றுதான் சொல்லவில்லை. பனியில் நடக்கவா? இங்கே ஃப்ரிட்ஜுக்குள் விட்டால்தான் உண்டு. பெயரில் கூன் இருக்கிறது, முதுகில் இல்லை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தேன். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

மார்ச் 4, புதன்

மருந்துக் கடைக்காரர் தராசை வாங்க வந்தார். தட்டில் முடி. ஒன்றல்ல, மூன்று. அவர் முன்னாலேயே இடுக்கியால் எடுத்தேன். மானம் போயிற்று.

மார்ச் 6, வெள்ளி

ஷோரூம் அதற்கு வைத்த பெயர் ஏதோ சீமைப் பிரபுவினுடையது. என் வாயில் நுழையவில்லை. துரை என்று வைத்துவிட்டேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது. இருக்கும் இடத்துக்கே சாப்பாடு வரவேண்டும், வேலை கிடையாது, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து தலைவாரிவிட வேண்டும். மனைவி துரைக்குட்டி என்கிறாள். எட்டரைக் கிலோ குட்டி.

எட்டரை என்பது அவள் கணக்கு. பார்சல் எடைபோடும் மேடைத் தராசில் நிறுத்தினேன், சரியான எடை 8 கிலோ 420 கிராம். சாதாரணப் பூனை என்றால் தராசில் ஏற்றுவதற்குள் கையைக் கிழித்திருக்கும். இது வாலை முன்னங்கால் மேல் சுற்றிக்கொண்டு, போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தது. தன்மானம் என்று ஒன்று வேண்டாமா?

பட்டறை அறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். வரவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது.

மார்ச் 9, திங்கள்

கேஸ் கொண்டுவந்தவர் காலில் உரசுகிறது. மின்கட்டணம் குறிக்க வந்தவரை வாசல்வரை போய் அழைத்துவருகிறது. திருடன் வந்தால் பீரோவைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவன் மடியில் படுத்துக்கொள்ளும்.

மியாவ் என்று கத்துவதுமில்லை. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குருவிக்குஞ்சு மாதிரி க்ரீச் க்ரீச் என்று ஒரு சத்தம். இந்த ஜாதியே அப்படித்தான், சாதுவான ராட்சசன் என்று பெயர் என்கிறாள் மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், எங்கேயோ படித்திருக்கிறாள். ராட்சசன் சாதுவாக இருப்பதற்குப் பேர் சோம்பேறித்தனம்.

மார்ச் 13, வெள்ளி

தண்ணீரைக் கண்டால் பூனை ஓடும். துரை வாளிக்குள் கையை விட்டு அலசிவிட்டுத்தான் குடிக்கிறார். கூடமெல்லாம் ஈரம். வழுக்கி விழப் பார்த்தேன். கேட்டால், "அது அதோட சுபாவம்ங்க." என் சுபாவத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் இவ்வளவு பரிவாகப் பேசியதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

8 கிலோ 530. பதினோரு நாளில் நூற்றுப் பத்து கிராம்.

யார் போடுகிறார்கள்? நான் போடவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மார்ச் 20, வெள்ளி

மொட்டைமாடிக்கு என் பின்னாலேயே ஏறி வந்தது. இருபத்தோரு படி. மேலே வந்ததும் சப்பென்று படுத்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. நாய் மாதிரி கூடவே வரும் என்று ஷோரூம் சொன்னான். நாய் மாதிரி நாக்கையும் தொங்கப்போடும் என்று சொல்லவில்லை.

"உடம்பைப் பாரு. தின்னு தின்னு படி ஏற முடியல" என்று அதன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். கோபித்துக்கொள்ளக் கூட இல்லை. எடை 8 கிலோ 640.

இன்றிலிருந்து தீனி பாதி.

மார்ச் 22, ஞாயிறு

சண்டை.

"நீ எனக்குத் தெரியாம போடற."

"சத்தியமா இல்லைங்க. இப்பல்லாம் வெச்சதையே முழுசா சாப்பிட மாட்டேங்குது."

"அப்ப தராசு பொய் சொல்லுதா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

தராசு என்னிடம் முப்பது வருஷமாகப் பொய் சொன்னதில்லை என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதை அவள் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

தீனி டப்பாவை மர அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். எடைக்கல் திருடு போனால் கூட நான் இப்படிப் பூட்டியிருக்க மாட்டேன். இருந்தாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. சாப்பிடாமல் ஒருவருக்கு எடை ஏறுமா?

மார்ச் 24, செவ்வாய்

நிம்மதி. இன்று துரை பட்டறை வாசலுக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறார். மனைவியும் பேசவில்லை. வேலை நன்றாக ஓடியது.

மார்ச் 26, வியாழன்

காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடை பார்த்தேன். 8 கிலோ 780. நேற்று வைத்த பாதித் தீனி தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது.

வைத்த தீனி அப்படியே இருக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது. அப்போதுதான் முதல்முறையாக எனக்கு ஏதோ உறைத்தது. தராசை மறுபடி சோதித்தேன். ஐந்து கிலோ கல் வைத்தால் ஐந்து கிலோ காட்டியது. தராசில் குறையில்லை. திரும்பிப் பார்த்தால் துரை தரையில் முழங்கை இரண்டையும் அகட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாக்கு நீலமாக இருந்தது.

வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். நான்கு நாளுக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "இங்க வாயேன்."

ஆட்டோவில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். அது ஒரு சத்தமும் போடவில்லை. குருவிச் சத்தம் கூட இல்லை.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஏதோ மெஷினில் இதயத்தைப் பார்த்தார். "எத்தனை நாளா சாப்பாடு குறைஞ்சிருக்கு?"

"நான்தான் குறைச்சேன்."

"ஏன் சார்?"

"எடை ஏறிச்சு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "ஏறினது உடம்பு இல்ல சார், தண்ணி" என்றார். இந்த ஜாதிக்கு இதயத் தசை தடித்துப்போவது உண்டாம், பிறவியிலேயே வருவதாம். நெஞ்சுக்குள் நீர் கட்டி, நுரையீரல் விரிய இடமில்லாமல் இருந்திருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூனைக்கு அது சோம்பலில்லை, ஆபத்து.

ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். எவ்வளவு என்று கேட்டேன். முந்நூற்று நாற்பது மில்லி. நான் குறித்திருந்த எடை முந்நூற்று அறுபது கிராம் கூடியிருந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு சொட்டையும் நான் எழுதிவைத்திருக்கிறேன்.

நோட்டைக் காட்டினேன். தேதி தேதியாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரியா குறிச்சு வெச்ச யாரையும் நான் பார்த்ததில்ல சார்" என்றார். பாராட்டத்தான் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

அங்கேயே வைத்திருக்கிறார்கள். பிராணவாயு கூண்டில். நாளைக்குத்தான் சொல்ல முடியுமாம்.

வீடு முழுக்க முடி.

மார்ச் 28, சனி

பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் கூட்டிவந்துவிட்டோம். காலையிலும் மாலையிலும் மாத்திரை, சாகும்வரை. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டும், முப்பதைத் தாண்டினால் உடனே ஓடிவர வேண்டும். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டதற்கு, ஒரு வருஷம் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மடையன். ஊர்த் தராசையெல்லாம் திருத்தற மடையன். எண்ணு சரியா இருந்தா போதும்னு நெனச்சேனே, அந்த எண்ணு என்ன சொல்லுதுன்னு ஒரு தடவையாவது பார்த்தேனா? மூச்சு விட முடியாம தவிச்சதை உக்காந்து கிண்டலா எழுதியிருக்கேன். கொழுப்புன்னு நெனச்சு தீனியைப் பூட்டி வேற வெச்சேன். அது வாயில்லா ஜீவன். இவ வாயிருந்து சொன்னா, அவளையும் நம்பல.

அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். "நீ பொய் சொல்லல" என்றேன்.

"தராசு பொய் சொல்லாதுன்னீங்களே?"

"தராசும் சொல்லல. நான்தான் தப்பா படிச்சேன்."

சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அழுதாள். துரை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து பொத்தென்று படுத்துக்கொண்டது. மரியாதை தெரியாத மிருகம்.

ஏப்ரல் 1, புதன்

ஷோரூமுக்கு அக்கா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். போனில் அவன் முதலில் கேட்டது, "டாக்டர் அதை எழுத்துல கொடுப்பாங்களா, அத்தான்?"

எதற்கு என்று கேட்டேன். வாங்கிய இடத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். மூன்று வயது முடிவதற்குள் பிறவிக் கோளாறு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று வயது முடிய இன்னும் பத்து நாள்.

உயிருக்கு வாரண்டி. போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ட்ரெய்னிங் நடுவிலேயே வந்தான். அதே பெட்டி.

துரை வாசல்வரை போய் வரவேற்று அவன் காலில் உரசியது. அதற்கு ஆள் தராதரமே தெரியாது. ஷோரூம் குனிந்து ஒருமுறை தடவினான், பழைய வண்டியின் பெயின்ட் பார்ப்பது போல.

"அங்க திருப்பிக் கொடுத்தா இதை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க பாத்துப்பாங்க, அத்தான்."

"என்ன பாத்துப்பாங்க?"

கார் சாவியை விரலில் சுழற்றினான். மனைவி சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பிக்கும் எனக்கும் நடுவில் அவள் எப்போதுமே வாயைத் திறப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"என்ன அத்தான் இது! உங்களுக்குத்தான் இதைக் கண்டாலே பிடிக்காதே?"

"பிடிக்காதுதான்."

"அப்புறம்?"

"பிடிக்கலைன்னா அனுப்பிடணுமா? உன்னையும்தான் எனக்குப் பிடிக்காது. இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போய்ட்டுதானே இருக்க?"

அவன் முகம் செத்துவிட்டது. மனைவி சிரித்தாள். சொந்தத் தம்பி என்றுகூடப் பாராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் காபி குடிக்காமல் காலிப் பெட்டியோடு போனான். கோபம் ஒரு மாதம் இருக்கும். இருக்கட்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

மூச்சு 24.

ஏப்ரல் 10, வெள்ளி

25. மாத்திரையைச் சீஸில் பொதிந்து கொடுத்தேன். சீஸைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்புக்குள் துப்பியிருக்கிறார். சாதுவாம், சாது.

ஏப்ரல் 15, புதன்

28. மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை போய் எண்ணினேன். சாயங்காலம் 24.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் எண்ணும்போது என் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுகிறேன் என்று மனைவி கண்டுபிடித்துவிட்டாள். பயமாக இருக்கிறது. அதை எழுதிவிடுவது நல்லது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருக்கப்போகிறது. தெரிந்தேதான் வைத்துக்கொண்டேன்.

சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார். ஒன்பது தராசு, மூன்று நாள் அங்கேயே தங்கிப் பார்க்கும் வேலை. வருஷா வருஷம் போவதுதான். இந்த முறை முடியாது என்றேன்.

"ஏன் சார், என்னாச்சு?"

"வீட்ல ஒருத்தருக்கு இதயத்துல கோளாறு. வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கணும், மூச்சை எண்ணணும். விட்டுட்டு வர முடியாது."

"ஐயோ! யாரு சார், அப்பாவா?"

"இல்ல. மச்சான் வழியில வந்தவரு."

அவர் குரல் உடனே தாழ்ந்துவிட்டது. "பெரியவரைப் பாருங்க சார் மொதல்ல. தராசு எங்க ஓடிடப் போகுது" என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.